மூவரேனும் ஒன்றாய்ச் சேர வேண்டும்

பலர் கூடிச் செய்யும் பயணத்தில் யாருடைய வேகத்தைப் பயணத்தின் வேகமாகக் கொள்வது? வல்லவனுடையதையா, மெலிந்தவனுடையதையா? குடும்பத்திலும் வகுப்பறையிலும் சங்கங்களிலும் நாள்தோறும் எழுகின்ற கேள்வி இது. பகல் வெளிச்சத்தில் விடை கூறுவது எளிது. "அனைவரும் சேர்ந்தே செல்வோம்" என்று சொல்லாதவர் யார்? ஆனால் இரவு இரண்டு மணிக்கு, குளிர் காற்றில், இன்னும் நூற்றைம்பது கிலோ மீற்றர் எஞ்சியிருக்கும்போது அதே விடையைக் கூறுவது வேறு. பிரான்ஸ் நாட்டில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வரும் ஒரு சைக்கிள் ஓட்டம், இக்கேள்விக்கான விடையைத் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

அந்த ஓட்டத்தின் பெயர் 'பிளெஷ் வெலோசியோ'. 'பிளெஷ்' என்பது பிரெஞ்சு மொழியில் அம்பைக் குறிக்கும். 'வெலோசியோ' ஒரு மனிதரின் புனைபெயர். நாட்டின் பல திசைகளிலிருந்தும் புறப்படும் சிறு குழுக்கள், எய்த அம்புகள் போல, உயிர்த்த ஞாயிறை ஒட்டித் தென்பகுதியில் ஓரிடத்தை நோக்கி இரவு பகலாய் விரைவதால் இப்பெயர் பொருந்தும்.

1. வெலோசியோ யார்?

இவருடைய இயற்பெயர் போல் தெ விவி. 1853ஆம் ஆண்டு பிரான்சின் தெற்கே பெர்ன் என்னும் ஊரில் பிறந்தவர். புனித முடியப்பரின் பெயரைத் தாங்கிய சென் எத்தியென் நகரில் பட்டு வணிகம் செய்தார். சைக்கிள் மீது கொண்ட பற்றினால் அவ்வணிகத்தைக் கைவிட்டு, சைக்கிள் தொழிலில் இறங்கினார். 1887இல் சைக்கிள் பற்றிய ஒரு சஞ்சிகையையும் தொடங்கினார். அதில் தாம் எழுதியவற்றுக்கு இட்டுக்கொண்ட பெயரே வெலோசியோ.

இவர் வற்புறுத்தி வந்த கருத்துகளுள் ஒன்றை இங்கு குறிப்பிடுதல் தகும். அக்காலச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஒரே பற்சில்லுதான் இருந்தது. மேட்டில் ஏற வேண்டுமாயின் முழுப் பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். இயலாதவர் இறங்கித் தள்ள வேண்டும். பல அளவுடைய பற்சில்லுகளை வைத்து, மேடு வரும்போது செயினை இலகுவான பல்லுக்கு மாற்றினால், பலம் குறைந்தவரும் ஆசனத்திலிருந்து இறங்காமலே ஏறலாம் என்று வெலோசியோ எழுதினார். தாமே ஓட்டியும் காட்டினார். 'தூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்றி தெக்ராஞ்ச் இதனை ஏற்கவில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே இச்சாதனம் ஏற்றது என்பது அவர் எண்ணம். அப்பந்தயத்தில் செயின் மாற்றும் சாதனம் 1937ஆம் ஆண்டுதான் அனுமதிக்கப்பட்டது. இன்று கடையில் வாங்கும் கியர் சைக்கிளில் சிறுவர்கள் சொடுக்கி விளையாடும் அதே சாதனந்தான் இது!

வெலோசியோ உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் நண்பர்களுடன் தெற்கே புரொவான்ஸ் பகுதிக்குச் செல்வது வழக்கம். சென் எத்தியென் மேட்டு நிலம். அங்கு குளிர் விடாத காலத்தில் தெற்கே இளவேனில் தொடங்கிவிடும். இரவு முழுவதும் மிதித்து, விடியும்போது பூத்த நிலத்தைக் காண்பதில் அவர்களுக்குப் பேரானந்தம். 1930ஆம் ஆண்டு, தமது 76ஆவது வயதில், சைக்கிளைக் கையில் பிடித்தபடி வீதியைக் கடக்கையில் ட்ராம் வண்டி மோதி அவர் மரணமானார்.

2. ஓட்டத்தின் சட்டங்கள்

'ஓடாக்ஸ்' என்பது துணிவுள்ளவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இச்சொல்லைப் பெயராகக் கொண்ட நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் பிரான்சில் 1904இல் தொடங்கிற்று. அதில் அனைவரும் ஒரு தலைவரின் பின்னே, நிர்ணயித்த வேகத்தில், ஒரே கூட்டமாய்ச் செல்ல வேண்டும். 1921இல் பாரிஸ் ஓடாக்ஸ் கழகம் வேறொரு முறையை வகுத்தது. அதன்படி அவரவர் தத்தம் வேகத்தில் ஓட்டலாம். குறித்த நேரத்திற்குள் முடித்தால் போதும். முதல் முறையில் ஒழுங்கு உண்டு, சுதந்திரம் இல்லை. இரண்டாவதில் சுதந்திரம் உண்டு. ஆனால் ஒருவன் முழு இரவும் தனியனாய் மிதிக்க நேரலாம்.

1947இல் அதே கழகம் வெலோசியோவின் நினைவாக மூன்றாவது முறை ஒன்றை அமைத்தது. அதன் சட்டங்கள் சில:

(அ) ஒரு குழுவில் மூன்று முதல் ஐந்து வண்டிகள். இருவர் மிதிக்கும் வண்டியும் ஒரு வண்டியாகவே கணக்கிடப்படும்.

(ஆ) 24 மணித்தியாலத்தில் குறைந்தது 360 கிலோ மீற்றர் செல்ல வேண்டும். இது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் தூரத்திற்குச் சற்றுக் குறைவு.

(இ) எவ்விடத்திலும் இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் தங்கலாகாது.

(ஈ) இறுதி இரண்டு மணித்தியாலத்தில் குறைந்தது 25 கிலோ மீற்றர் ஓட்டியாக வேண்டும்.

(உ) குழுவில் குறைந்தது மூன்று வண்டிகள் ஒன்றாய் வந்து சேர வேண்டும். இல்லையேல் குழுவில் எவருக்கும் தேர்ச்சியில்லை.

பாதையைக் குழுவினரே வகுத்துக்கொள்வர். வழியிலுள்ள கடைகளில் ஓட்ட அட்டையில் முத்திரை பெறுவர். முன்னும் பின்னும் விளக்கும், ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கியும் இன்றி இரவில் ஓட்ட முடியாது. முதலிடம் இரண்டாமிடம் என்பன கிடையா.

3. கணக்கும் கருத்தும்

360 கிலோ மீற்றரை 24ஆல் வகுத்தால் மணிக்கு 15 கிலோ மீற்றர். உணவுக்கும் ஓய்வுக்கும் நான்கு மணித்தியாலம் ஒதுக்கினாலும் மணிக்கு 18 தான். பயிற்சியுள்ள எவருக்கும் இது பெரிய வேகமன்று. மணிக்கு 25 ஓடக்கூடிய வல்லவர் பதினான்கரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு நித்திரைக்குப் போகலாம். ஆனால் மேலே கண்ட சட்டங்கள் அதற்கு இடம் தருவதில்லை. இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் தங்கலாகாது என்பதால் இரவை விழித்தே கழிக்க வேண்டும். கடைசி இரண்டு மணித்தியாலத்திலும் ஓட வேண்டும் என்பதால் முன்கூட்டியே முடித்துவிட முடியாது. மூவரேனும் சேர வேண்டும் என்பதால் தனி ஒருவனின் வேகம் எதற்கும் உதவாது.

ஆகவே இவ்வோட்டத்தில் வேகமுள்ளவனின் வேலை முந்திச் செல்வதன்று. எதிர்க்காற்றில் முன்னே சென்று காற்றை வாங்கிக் கொள்வதே அவன் வேலை. முன்செல்லும் வண்டியை ஒட்டிப் பின்னே வருபவருக்குக் காற்றின் தடை கணிசமாகக் குறையும். ஆதலால் குழுவினர் முறை வைத்து முன்னே செல்வர். பலமுள்ளவர் நீண்ட முறையும், களைத்தவர் குறுகிய முறையும் எடுப்பர். முற்றிலும் களைத்தவர் முறையே எடுக்காமல் பின்னே வரலாம். வல்லவனின் பலம் இவ்வாறு மெலிந்தவனின் கால்களுக்கு வந்து சேர்கிறது. அறிவுரைக்காகச் சொல்லும் உவமையன்று இது, காற்றின் இயல்பு.

4. நள்ளிரவுக்குப் பின்

உயிர்த்த ஞாயிறு, மார்ச் 21ஆம் திகதியன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறாகக் கணிக்கப்படுவதை நமது வாசகர் அறிவர். எனவே இவ்வோட்டம் நடைபெறும் இரவுகளில், முகில் மறைக்காவிட்டால், நள்ளிரவுக்குப் பின் நிலவு இருக்கும். ஆயினும் நிலவு நித்திரையைத் தடுப்பதில்லை.

அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடலின் வெப்பம் தணிகிறது. நித்திரை மயக்கம் மிகும் நேரம் அதுவே. மணிக்கு 20 கிலோ மீற்றர் வேகத்தில் செல்பவன் மூன்று விநாடி கண்ணயர்ந்தால், பதினாறு மீற்றருக்கு மேல் குருடனாய் ஓடியிருப்பான். வீதியோரத்து மதகில் மோதுவதற்கு அது போதும். எனவே இரவு ஓட்டத்தில் பெரிய ஆபத்து மேடும் அன்று, குளிரும் அன்று. "எனக்கு நித்திரை வருகிறது" என்று சொல்ல வெட்கப்படுவதே.

அனுபவமுள்ள குழுக்கள் புறப்படுமுன்னரே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளும். எவராவது "நிற்போம்" என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கலாகாது. பதினைந்து இருபது நிமிடம் ஒரு பஸ் தரிப்பிடத்தில் கண்ணயர்ந்தால் மயக்கம் பெருமளவு தெளியும். அந்த இருபது நிமிடத்தை இழக்க மனமில்லாத குழு, ஒரு தோழனையே இழக்க நேரிடலாம்.

உணவும் அவ்வாறே. உடலில் சேமிப்பிலுள்ள மாச்சத்துச் சில மணித்தியால ஓட்டத்தில் தீர்ந்துபோம். தீர்ந்தபின் உண்டால் உடனே பலன் கிடையாது. பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகத்திற்குமுன் குடிக்க வேண்டும், வீறாப்புக்காக மிதிக்கலாகாது என்பவை வெலோசியோ தம் தோழர்க்குச் சொல்லி வந்த அறிவுரைகளுள் சில. களைத்தவன் தன் பசியையே மறந்துவிடுவான். பக்கத்தில் வருபவன்தான் "பாண் துண்டு ஒன்று சாப்பிடு" என்று நினைவூட்ட வேண்டும்.

5. ஒருவன் விழுந்தால்?

இனி, சட்டத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். ஐவர் புறப்பட்டு மூவர் சேர்ந்தாலும் குழு தேறும். இதனை இருவகையாய் வாசிக்கலாம். "இருவர் போனாலும் பரவாயில்லை" என்று வாசிப்பது ஒரு வகை. "நோயுற்ற ஒருவன், தன்னால் மற்றவர்களின் முயற்சி வீணாகும் என்று அஞ்சாமல் ஓய்ந்துகொள்ளலாம்" என்று வாசிப்பது மற்றொரு வகை.

கணக்கைக் கவனியுங்கள். ஐந்து வண்டிகளில் ஒருவன் நோயுற்று, இன்னொருவன் அவனைப் புகையிரத நிலையம் வரை அழைத்துச் சென்று அவனோடு தங்கினால், மூவர் மிஞ்சுவர், குழு தேறும். நான்கு வண்டிகளாயின்? நோயாளியோடு ஒருவன் தங்கினால் இருவரே மிஞ்சுவர், குழு தோற்கும். அப்போது, இருபது மணித்தியாலம் மிதித்த நால்வரும் வீதியோரத்தில் நின்று ஒரு முடிவுக்கு வரவேண்டும். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு மூவரும் முத்திரை பெறுவதா? அல்லது ஒருவன் தங்கி, அனைவரும் முத்திரையை இழப்பதா?

சட்டப் புத்தகம் இதற்கு விடை சொல்வதில்லை. நோயாளி தெளிவாய்ப் பேசுகிறானா, பகலா இரவா, அருகே ஆட்கள் உண்டா என்பதையெல்லாம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் திட்டமாகக் கூறலாம். புறப்படுமுன் இக்கேள்வியைப் பேசி முடிவு செய்யாத குழு, களைப்பின் நடுவே நல்ல முடிவுக்கு வருதல் அரிது. களைத்த மனம் தூரத்தை எண்ணும், ஆளை எண்ணாது.

6. நமக்குரிய பாடம்

இவ்வோட்டம் திருச்சபை நடத்துவதன்று. பக்திப் பயணமும் அன்று. விடுமுறையும் இளவேனிலும் சேர்ந்து வருவதால் அந்நாட்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. எனினும் பாஸ்கா இரவில் ஒன்றாய் விழித்திருந்து பழகிய நமக்கு, சேர்ந்து விழிப்பதன் அருமை புதியதன்று. இங்கிலாந்திலும் இதே முறையில் ஓர் 'அம்பு' ஓட்டம் உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் யோர்க் நகரை நோக்கி நடைபெறுகிறது.

நம் இல்லங்களுக்கு வருவோம். மூன்று பிள்ளைகளில் ஒருவன் படிப்பில் கெட்டிக்காரன், ஒருத்தி நடுத்தரம், ஒருவன் பின்தங்கியவன். கெட்டிக்காரனை முன்னே ஓடவிட்டுப் பெருமைப்படும் பெற்றோர் பலர். மாலை வேளையில் அரை மணித்தியாலம் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்படி அவனிடம் கேட்கும் பெற்றோர் சிலரே. அந்த அரை மணித்தியாலம் மூத்தவனின் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டாம். முன்னே சென்று காற்றை வாங்குபவனின் கால்களே உரமேறும்.

பின்தங்கியவனுக்கும் ஒரு கடமை உண்டு. தன் களைப்பை மறைக்காமல் உரிய நேரத்தில் சொல்ல வேண்டும். கடன் தலைக்கு மேல் ஏறிய பின் வீட்டாரிடம் சொல்லும் தகப்பனும், பரீட்சை முடிவு வந்த பின் வாய் திறக்கும் மாணவனும், மதகில் மோதிய பின் "நித்திரை வந்தது" என்று சொல்லும் ஓட்டக்காரனைப் போன்றவர்களே. அவர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமாயின், சொன்னவனை ஏசாத வீடு வேண்டும். இதுவே "ஏன் என்று கேட்கலாகாது" என்ற உடன்படிக்கையின் பொருள்.

வீட்டில் கலந்து பேசுவதற்கு:

1. நம் வீட்டில் இப்போது யாருடைய வேகத்தில் செல்கிறோம்? அதனைத் தீர்மானித்தவர் யார்?

2. "நிற்போம்" என்று சொல்ல நம் வீட்டில் யாருக்குத் தயக்கம்? அத்தயக்கத்துக்கு நாம் காரணமா?

3. நான்கு வண்டிகளுள்ள குழுவில் ஒருவர் நோயுற்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பிள்ளைகளின் விடையை முதலில் கேளுங்கள்.

4. இவ்வாரம் யாருக்காக முன்னே சென்று காற்றை வாங்கப் போகிறீர்கள்?