கிளினிக் கொப்பியும் எம்முடன் வரட்டும்

இடம்பெயரும்போது எதை எடுக்கிறோம்? அடையாள அட்டை, காணி உறுதி, இருக்கிற நகை. கிளினிக் கொப்பி அலுமாரியிலேயே கிடந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு கரைகளில் தப்பியவர்கள் உடுத்த உடுப்போடு ஓடினார்கள். அப்படி ஓடிவந்த சீனி வருத்தக்காரரிடம் டொக்டர் "என்ன குளிசை போடுறீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "சின்ன வெள்ளைக் குளிசை" என்பார். வெள்ளைக் குளிசை எத்தனையோ வகை உண்டு. அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்லப் பழகுவதே இந்தப் பாடம்.

மருந்துக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று மருந்தின் சொந்தப் பெயர், மற்றது கம்பனி வைத்த பெயர். பனடோல் என்பது கம்பனிப் பெயர், அதற்குள் இருப்பது பரசிட்டமோல். இது பலருக்குத் தெரியும். ஆனால் டயமைக்ரோன் என்பதும் கிளிக்லசைட் என்பதும் ஒரே சீனிக் குளிசைதான் என்பது தெரியுமா? ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும் தனியார் டொக்டரிடம் மறு பெயரிலும் வாங்கி இரண்டையும் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், மயக்கம் வரும். வயலில் தனியே நிற்பவருக்கு இது உயிராபத்து. நினைவு இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று எமது நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அவர் கேட்டது ஏழைக்கு மலிவாக மருந்து கிடைக்க. பாதுகாப்புக்கும் அதுவே உதவுகிறது.

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. துண்டை வாங்கிக்கொண்டு பாமசி பாமசியாக ஏறி இறங்கினோம். ஒரு மாதம் ஒரு பெட்டி, மறு மாதம் வேறு நிறம். நிறத்தை நம்பியிருந்தவர்களே அதிகம் குழம்பினார்கள். அடுத்த ஆண்டு நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சை செய்த சிலருக்கு, பின்னர் விட்ட சொட்டு மருந்தினால் பார்வை பாதிக்கப்பட்டது. இதில் நோயாளி செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. மருந்தின் தரத்தைப் பார்ப்பது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அதிகாரசபையின் கடமை. எல்லாப் பாரத்தையும் நோயாளியின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. ஆனால் பெட்டியை எறியாமல் வைத்திருந்தால், ஒரு மருந்தை மீளப்பெறும்போது எம் கையிலிருப்பது அந்தத் தொகுதிதானா என்று இலக்கத்தைப் பார்த்து அறியலாம்.

கல்முனையில் மட்டும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு உண்டு. எங்கு போனாலும் ஒரே கொப்பியைக் காட்டுங்கள். தனியார் டொக்டரிடமும் காட்டுங்கள், அவர் கோபிக்கமாட்டார். பென்சிலின் ஊசிக்குத் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். அமொக்சிசிலினும் அதே குடும்பம்தான். நோன்பு பிடிக்கும் சீனி வருத்தக்காரர் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் போய், எந்தக் குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தாமாக மாற்றக்கூடாது.

இந்தக் கிழமை வீட்டில் செய்ய ஒரு வேலை. எல்லா மருந்தையும் ஒரு பாயில் கொட்டுங்கள். காலாவதியானதைப் புறம்பாக்குங்கள். மீதியின் சொந்தப் பெயர், அளவு, போடும் நேரம் ஆகியவற்றைப் பாடசாலை போகும் பிள்ளை ஒரு மட்டையில் எழுதட்டும். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்குக் காலைக் குளிசைக்குச் சூரியனும் இரவுக் குளிசைக்குப் பிறையும் கீறிக் கொடுக்கட்டும். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு அடுத்த நாளே மருந்தாளரிடம் போங்கள். எழுதிய மட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டையோடு வையுங்கள்.