மூச்சு வருது, முகம் தெரியலை!
(ரேம் ஏற்றிய பிறகு எழுந்திருக்காத லேப்டாப்புக்குச் சில கைவைத்தியங்கள்)

– மூன்றாமாண்டு, எலெக்ட்ரானிக்ஸ் மற்றும் கம்யூனிகேஷன் –



ஆண்டு மலர் என்றாலே கவிதை, காதல், ஜோக்குதானா? நடுவில் இரண்டு பக்கம் கைக்கு உதவுகிற விஷயமும் இருக்கட்டுமே என்று மலர்க்குழு கேட்டது. சரி, நம் விடுதியில் அடிக்கடி காதில் விழும் ஒரு புலம்பலையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"மச்சான், ரேம் போட்டேன்டா. இப்ப ஆன் ஆகவே மாட்டேங்குது!"

நம்மில் பலர் வைத்திருப்பது செகண்ட்ஹேண்ட் லேப்டாப். உள்ளே 4 ஜி.பி. ரேம். ஆட்டோகேட் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் இன்னொரு ரேம் வாங்கிப் போடுகிறோம். நல்ல யோசனைதான். ஆனால் சுவிட்சை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு! மூச்சு வருகிறது, முகம் தெரியவில்லை. உடனே, "போர்டு போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவசரப்படாதீர்கள் நண்பர்களே. பெரும்பாலான சமயம் போர்டு நன்றாகத்தான் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சுவிட்சை அழுத்தியதும் பிராசஸர் முதலில் தேடுவது பயாஸ் என்னும் சின்ன புரோகிராமை. அது போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. பயாஸ் செய்யும் ஆரம்ப வேலைகளில் ஒன்று, "ரேம் இருக்கிறதா? எந்த வகை? நான் பயன்படுத்தலாமா?" என்று விசாரிப்பது.

ரேமில் பெரிய கறுப்பு சிப்புகளுக்குப் பக்கத்தில் எட்டுக் கால் உள்ள குட்டிச் சிப் ஒன்று இருக்கும். அதன் பெயர் எஸ்.பி.டி. அதுதான் ரேமின் ஜாதகம்! கொள்ளளவு, வேகம், எத்தனை வோல்ட் எல்லாம் அதில் எழுதியிருக்கும். மைக்ரோ கன்ட்ரோலர் பாடத்தில் ஒரு கிளாக், ஒரு டேட்டா என்று இரண்டே கம்பியில் பேசும் பஸ் படித்தோமே, அந்த மாதிரி பஸ் வழியாகத்தான் பயாஸ் இந்த ஜாதகத்தைப் படிக்கிறது. பொருத்தம் பார்த்த பிறகுதான் கல்யாணம். ரேம் வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் திரைக்கு உயிர் வரும்.

இப்போது புரிகிறதா? ரேம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "ரேம் சரியில்லை" என்று திரையில் எழுதக்கூட பயாஸால் முடியாது. அதனால்தான் அது பீப் சத்தம் போடும், அல்லது லைட்டைச் சிமிட்டும். நாம்தான் கவனிப்பதில்லை.

கை வைக்கும் முன்

சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியையும் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை விடுவியுங்கள். லேப்டாப் ஆஃப் ஆகியிருந்தாலும் போர்டில் சில இடங்களில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்தது ஸ்டாட்டிக். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். அதைவிட எவ்வளவோ குறைவான வோல்ட்டே சிப்பைக் கெடுக்கப் போதும். நைலான் சட்டை, கம்பளிப் போர்வை மேல் உட்கார்ந்து வேலை, இதெல்லாம் வேண்டாம். எர்த் செய்யப்பட்ட ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ரேமை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். தங்க நிறப் பட்டைகளில் விரல் படக்கூடாது.

எட்டு வைத்தியங்கள்

1. பொறுமை. புது ரேம் போட்ட பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது பயாஸ் அதைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். டி.டி.ஆர்.5 வகையில் சில நிமிடம்கூடத் திரை கறுப்பாகவே இருக்கலாம். சார்ஜர் மாட்டி, பத்து நிமிடம் விடுங்கள். நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

2. கவனி. எத்தனை பீப்? எத்தனை சிமிட்டல்? நோட்டில் எழுதுங்கள். டெல் லேப்டாப் பலவற்றில் 2 பீப் என்றால் ரேமே கண்ணில் படவில்லை, 4 பீப் என்றால் ரேமில் கோளாறு. மற்ற கம்பெனிகளுக்கு வேறு கணக்கு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கூடவே கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் லைட் எரிந்து எரிந்து அணைந்தால் லேப்டாப் உள்ளே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வெளி மானிட்டரை மாட்டிப் பாருங்கள். டிஸ்ப்ளே கேபிள் நழுவியிருக்கலாம்.

3. வடித்துவிடு. சார்ஜர், பேட்டரி இரண்டும் இல்லாமல் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கிவிடும். சிக்கிக்கொண்டிருந்த கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்கும்.

4. பழையதற்குத் திரும்பு. இதுதான் தலையாய வைத்தியம்! புது ரேமை எடுத்துவிட்டு, பழைய ரேமை மட்டும் பழைய இடத்தில் போட்டு ஆன் செய்யுங்கள். எழுந்துவிட்டதா? உங்கள் போர்டு செத்துப்போகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எந்த ரிப்பேரிலும் முதல் கேள்வி, "கடைசியாக என்ன மாற்றினோம்?" என்பதுதான். எழவில்லை என்றால், மூடியைத் திறக்கும்போது வேறு ஏதாவது கேபிள் அசைந்ததா என்று பாருங்கள்.

5. திரும்பப் பொருத்து. ரேமைச் சுமார் 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். வெட்டு, ஸ்லாட்டில் உள்ள பல்லோடு சேர வேண்டும். தங்கப் பட்டை ஏறக்குறைய மறையும்வரை போக வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் டிக் என்றால் பாதிக் கல்யாணம்தான்!

6. துடை. சுத்தமான துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தங்கப் பட்டையைத் துடைத்துக் காயவிடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அவசரத்துக்குச் சரி, ஆனால் அந்தத் துகள் ஸ்லாட்டுக்குள் போய்விட்டால் நோயைவிட வைத்தியம் மோசம்.

7. உண்மை அட்டவணை போடு. டிஜிட்டல் லேபில் போட்டோமே, அதேதான். பழைய ரேம், புது ரேம், முதல் ஸ்லாட், இரண்டாம் ஸ்லாட். மொத்தம் நாலு சோதனை, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ரேம்தான் உள்ளே இருக்க வேண்டும்.
பழையது இரண்டிலும் ஓடுகிறது, புதியது இரண்டிலும் ஓடவில்லை: புது ரேம் கெட்டது, அல்லது பொருந்தாதது.
இரண்டு ரேமும் முதல் ஸ்லாட்டில் ஓடுகிறது, இரண்டாவதில் ஓடவில்லை: ஸ்லாட்டில் கோளாறு.
தனித்தனியாக எல்லா இடத்திலும் ஓடுகிறது, சேர்த்துப் போட்டால் ஓடவில்லை: இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அல்லது போர்டு தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது.
(சில மாடல்களில் ஒரு ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் புதியதை எடுத்தாலே பழைய நிலைமைதான்.)

8. பயாஸைப் புதுப்பி. பழைய ரேமில் ஆன் செய்து, கம்பெனி கொடுத்திருக்கும் புதிய பயாஸை ஏற்றிப் பாருங்கள். சார்ஜர் மாட்டி, பேட்டரியும் நிறைந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். பாதியில் கரண்ட் போனால் வினை! போர்டில் காசு போன்ற 3 வோல்ட் செல் தனியாக இருந்தால், அதைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் பல மாடல்களில் செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஓர் எழுத்தால் வந்த வினை

தியரி போதும். நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து அறை நண்பர், சிவில். 2014-ஆம் வருடத்து லேப்டாப், இன்டெல் நான்காம் தலைமுறை பிராசஸர். புராஜெக்ட் டிராயிங் எல்லாம் அதற்குள்ளேதான். ரிவ்யூவுக்கு நாலு நாள். பழைய 4 ஜி.பி.யோடு இன்னொரு 4 ஜி.பி. வாங்கிப் போட்டார். கறுப்புத் திரை! கடைக்கு எடுத்துப் போனால், "போர்டு போச்சு தம்பி, ஏழாயிரம் ஆகும்" என்று பதில். அவர் அம்மா பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்பவர். ஏழாயிரம் என்றால் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போன் செய்யாமல் படியில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் வைத்தியம் செய்தோம். புதியதை எடுத்தோம், பழையதை மட்டும் போட்டோம். அரை நிமிடத்தில் திரை வந்தது! மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் வேலையாக டிராயிங் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினோம்.

பிறகு இரண்டு ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாரப் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பதுபோல் லேபிளைப் படித்தோம். பழையதில் 'பி.சி.3எல்-12800எஸ்'. புதியதில் 'பி.சி.3-12800எஸ்'. ஒரே ஒரு வித்தியாசம்: 'எல்'!

அந்த எல் என்ன? சாதா டி.டி.ஆர்.3 ரேமுக்கு 1.5 வோல்ட் வேண்டும். எல் உள்ளது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். சிப்பில் பவர் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம். 1.35-ஐயும் 1.5-ஐயும் வர்க்கம் போட்டு வகுத்துப் பாருங்கள், 0.81 வரும். அதாவது ஏறக்குறைய 19 சதவீதம் மிச்சம். பேட்டரியில் ஓடும் லேப்டாப்புக்கு அது பெரிய விஷயம். அதனால் இன்டெல் 2013-இல் கொண்டுவந்த நான்காம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்கள் 1.35 வோல்ட் ரேமைத்தான் கேட்கும். ஸ்லாட் ஒன்று, வெட்டு ஒன்று, 204 பின்னும் ஒன்று. உள்ளே அழகாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது.

புது ரேமும் கெட்டதல்ல. இரண்டாம் தலைமுறை லேப்டாப் ஒன்றில் போட்டோம், ஜம்மென்று ஓடியது. வாங்கிய இடத்தில் விஷயத்தைச் சொல்லி எல் உள்ளதாக மாற்றிக்கொண்டார். ரிவ்யூவும் முடிந்தது. ஏழாயிரமும் மிச்சம்.

வாங்கும் முன் படிக்க வேண்டிய லேபிள்

'12800' என்பது வேகம். விநாடிக்கு 1600 மில்லியன் தடவை, தடவைக்கு 8 பைட், ஆக 12,800 மெகாபைட். கடைசி 'எஸ்' என்றால் லேப்டாப்புக்கான சின்ன சைஸ். மற்றவற்றுக்கு இந்தச் சின்னக் கணக்கைக் கிழித்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்:

டி.டி.ஆர்.2 – 200 பின், 1.8 வோல்ட்
டி.டி.ஆர்.3 – 204 பின், 1.5 வோல்ட்
டி.டி.ஆர்.3எல் – 204 பின், 1.35 வோல்ட்
டி.டி.ஆர்.4 – 260 பின், 1.2 வோல்ட்
டி.டி.ஆர்.5 – 262 பின், 1.1 வோல்ட்

ஒரு தலைமுறை ரேம் இன்னொரு தலைமுறை ஸ்லாட்டில் ஏறாது. ஏறவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், ஸ்லாட் உடையும். வாங்கப் போகும்போது பழைய ரேமின் லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மாடல் அதிகபட்சம் எத்தனை ஜி.பி. தாங்கும் என்று மேனுவலில் பாருங்கள். "போட்டுப் பார்த்து ஒத்து வரலைன்னா மாத்திக்கலாமா அண்ணே?" என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

எழுந்தும் படுத்துவிட்டால்?

திரை வருகிறது, ஆனால் நடுவில் தொங்குகிறது, நீலத் திரை வருகிறது என்றால் ரேமைச் சோதிக்க வேண்டும். 1994 முதல் இருந்துவரும் மெம்டெஸ்ட்86 புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். திரையில் நின்றால் பரவாயில்லை, அது சத்தமில்லாமல் உங்கள் ஃபைலையும் கெடுக்கும்.

எப்போது கடைக்குப் போவது?

கருகிய வாசனை, தண்ணீர் பட்டது, பழைய ரேம் தனியாக எந்த ஸ்லாட்டிலும் எழவில்லை, சார்ஜர் மாட்டியும் ஒரு லைட்கூட இல்லை: இவற்றில் எது இருந்தாலும் கடைக்குத்தான். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். "அண்ணே, பழைய ரேம் மட்டும் போட்டு ரெண்டு ஸ்லாட்லயும் பாத்துட்டேன். பவர் வடிச்சும் பாத்தேன். மூணு பீப் வருது" என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் உங்களை வாடிக்கையாளராகப் பார்க்கமாட்டார், தொழில் தெரிந்தவராகப் பார்ப்பார். சொல்லும் விலையும் மாறும்!

நண்பர்களே, மூன்று வருடம் மல்ட்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பிடிக்கிறோம். அடுத்தவர் "போச்சு" என்று சொல்லும் பொருளை, "இருங்க, ஒரு தடவை பார்க்கலாம்" என்று சொல்லத் தெரிந்தால்தான் டிப்ளமோவுக்கு அர்த்தம். ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான் மூலதனம். முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு ஸ்குரூ கழற்றுங்கள்!