பதநீர் வாங்க, ருசிக்க, பத்திரப்படுத்த: பயனுள்ள குறிப்புகள்

1. பங்குனி, சித்திரையில் கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், பதநீரைக் காலை எட்டு மணிக்குள் வாங்கிவிடுங்கள். முதல் நாள் மாலை சீவிவிட்ட பாளையிலிருந்து இரவெல்லாம் சொட்டிய சாறு அது. வெயில் ஏற ஏற அதன் குணம் மாறிவிடும்.

2. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால்தான் சாறு நொதிக்காமல் பதநீராக இருக்கும். பூசாவிட்டால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் பதநீர் ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்கள். ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தால் சுண்ணாம்பு வேலை செய்கிறது. மஞ்சளாகவே நின்றால் புளிப்பேறத் தொடங்கியிருக்கலாம், வைத்துக்கொள்ள வேண்டாம்.

3. குடித்ததும் நாக்கு அரித்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தை ஆட்டாமல் அரை மணி நேரம் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

4. கடைசி மிடறுக்குப் பிறகு வாயில் கசப்பு தங்கினால் சாக்கரின் கலப்பு இருக்கலாம். நல்ல பதநீரின் இனிப்பு தொண்டையில் இறங்கியதும் போய்விடும். பாளை வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.

5. பாட்டிலில் நிரப்பி இறுக மூடி, வெயிலில் காருக்குள் வைக்கவே கூடாது. நொதித்தால் கரியமில வாயு உண்டாகி மூடி தெறிக்கும். பிரான்ஸின் ஷாம்பேன் வட்டாரத்தில் இதே வாயுவைத்தான் வேண்டுமென்றே பாட்டிலுக்குள் அடைக்கிறார்கள். திராட்சை மதுவைப் பாட்டிலிலேயே இரண்டாம் முறை நொதிக்கவிடுவதால், உள்ளே காற்றழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு அழுத்தம் ஏறுகிறது. அதைத் தாங்கத் தடித்த கண்ணாடி, கம்பி கட்டிய தக்கை. நம் வாட்டர் பாட்டில் எங்கே தாங்கும்? வாய் அகன்ற தூக்குவாளியில், முக்கால் அளவு மட்டும் ஊற்றி எடுத்துப் போங்கள்.

6. ருசி பார்ப்பதற்கும் முறை உண்டு. ஐஸ் போட வேண்டாம், வாசனை செத்துவிடும். பனையோலைப் பட்டை கிடைத்தால் அதில்தான் குடிக்க வேண்டும். பச்சை ஓலையின் மணமும் சேர்ந்து வரும். முதல் வாயை அப்படியே குடித்துவிட்டு, அதன்பிறகு நுங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மரம், மணல் காடா கண்மாய்க் கரையா, ஆண் பனையா பெண் பனையா என்று இறக்கியவரிடமே கேளுங்கள். விளையும் மண்ணுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. ஷாம்பேன் என்ற பெயரைப் பெரும்பாலான நாடுகளில் அந்த வட்டாரத்துக்காரர்கள் தவிர வேறு யாரும் போட முடியாதபடி காத்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. மீமிசல் பதநீருக்கு அப்படி எதுவும் இல்லை. குடிப்பவர்கள் மண்ணையும் மரத்தையும் விசாரித்துக் குடித்தாலே அதற்கொரு பெயர் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

7. மிஞ்சியதை ஒரு கொதி விட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். பச்சரிசி, பாசிப்பருப்பை முதலில் தண்ணீரில் குழைய வேகவைத்து, அதன்பிறகு பதநீர் ஊற்றிக் கிளறினால் வெல்லம் போடாத பொங்கல் தயார்.

8. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இயற்கை பானம் என்று தாராளமாகக் குடித்துவிடக் கூடாது. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல்கூடச் சர்க்கரை இருக்கும்.

9. விலையில் பேரம் பேசாதீர்கள். ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி இறக்குகிற உழைப்பு அது.

10. வீட்டோரம் இடம் இருந்தால் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றுங்கள். தமிழக அரசின் 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆனால் புதிதாக வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் என்பதால் பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நேராக ஊன்றிவிடுங்கள்.