முடுக்கிய நட்டு ஏன் கழல்கிறது?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது அப்பா காலத்து புல்லட் 350. சைலன்சர் பிராக்கெட், மட்கார்டு, லெக் கார்டு என்று ஏதாவது ஒரு நட்டு லூஸ் ஆகிக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டுத்தான் முடுக்குகிறேன். பழைய வண்டி என்றால் இப்படித்தானா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் ஊரிலேயே பிறந்த வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். அந்தப் பிஸ்டனின் உதறலை அடக்கும் பேலன்சர் ஷாஃப்ட் பழைய எஞ்சினில் கிடையாது. ஆகவே அதிர்வு இருக்கத்தான் செய்யும். அதற்காக நட்டு கழன்றே தீர வேண்டும் என்பதில்லை.

நட்டை முடுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுவிசைதான் தகடுகளைக் கவ்விப் பிடிக்கிறது. தலையில் 8.8 என்று பொறித்த 8 மி.மீ. போல்ட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால், அது கவ்வும் விசை ஏறக்குறைய ஒன்றரை டன். விரல் தடிமன்கூட இல்லாத போல்ட்டுக்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒன்றைத் தெளிவாக்கினார். போல்ட்டை நெடுக்கில் குலுக்குவதைவிட, அது பிடித்திருக்கும் தகடுகள் குறுக்குவாட்டில் வழுக்கினால்தான் நட்டு வேகமாகக் கழல்கிறது. வழுக்கும் கணத்தில் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. மரையின் சரிவில் நட்டு தானாகவே பின்னோக்கித் திரும்புகிறது. கவ்வும் விசை போதுமானதாக இருந்தால் தகடு நகராது, நட்டும் அசையாது.

இப்போது உங்கள் ஸ்பிரிங் வாஷருக்கு வருவோம். அதைத் தட்டையாக்க அந்த ஒன்றரை டன்னில் ஒரு சிறு பங்கு போதும். தட்டையான பிறகு அது வெட்டுப்பட்ட ஒரு சாதா வாஷர், அவ்வளவுதான். குறுக்கு அதிர்வில் அதை நம்பாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

செய்ய வேண்டியது: பிராக்கெட்டின் அடியில் தடித்த பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். பெயின்ட் நசுங்க நசுங்கப் போல்ட்டின் இழுவிசை இறங்கிவிடும். மரை தேய்ந்த போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். கையளவில் மதிப்பிடாமல் டார்க் ரெஞ்சு வாங்குங்கள். முடுக்கும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மிச்சமெல்லாம் உராய்வு தின்றுவிடுகிறது. அதனால்தான் மரையில் எண்ணெய் பட்டால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக நீள்கிறது. ஸ்பானரில் பைப் மாட்டி முடுக்குவது இன்னும் மோசம். ஒரேயடியாக நீண்டுவிட்ட போல்ட் இறுக்கிப் பிடிக்காது. மட்கார்டுக்கு நைலாக் நட்டு நல்லது. சைலன்சர் பக்கம் வேண்டாம். 120 டிகிரியைத் தாண்டினால் நைலான் தாங்காது, அங்கே முழுக்க உலோகத்தாலான லாக் நட்டு போடுங்கள்.

கேள்வி: எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். டயர் மாற்றி, கன் வைத்து முடுக்கி அனுப்புகிறார்கள்; மறுநாளே வீல் நட்டு லூஸ். கடைக்காரர் மீது தப்பா?
— வாசகர், எண்ணூர்

பதில்: கன் மட்டும் காரணமாக இருக்காது. கழற்றிய ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் துருப் பொருக்கும் புதுப் பெயின்ட்டும் மண்ணும் இருக்கும். லோடு ஏறி, குண்டும் குழியுமான சாலையில் ஓடும்போது அவை நசுங்குகின்றன, பிடிப்பு இறங்குகிறது. கம்பி பிரஷ்ஷால் இரண்டு முகத்தையும் பளிச்சென்று தேய்த்த பிறகுதான் சக்கரம் ஏற வேண்டும். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில், கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சால். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் பார்ப்பதைத் தவிர்க்கவே முடியாது. லோடு அவசரம் என்று அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கழன்றோடும் சக்கரம் சாலையில் யார் மீது வேண்டுமானாலும் பாயலாம்.

நட்டிலிருந்து ரிம் வரை ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் நட்டின் அடியிலிருந்து செம்பழுப்புப் பொடி சரம்போல் வழிந்திருந்தால், உள்ளே உலோகம் உரசுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திப் பாருங்கள். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதன் இரு பக்கத்து ஸ்டட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள், அவையும் கூடுதல் பாரம் சுமந்தவைதான்.

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறோம். கப்ளிங் போல்ட்டுக்கு இரண்டு நட்டு போட்டும் கழல்கிறது.
— வாசகர், ராயபுரம்

பதில்: தடித்த நட்டை உள்ளேயும் மெல்லிய செக் நட்டை வெளியேயும் போட்டிருப்பீர்கள், பல பட்டறைகளில் அதுதான் பழக்கம். மாற்றிப் போடுங்கள். மெல்லியது உள்ளே, ஓரளவு இறுக்கமாக. அது திரும்பாமல் ஸ்பானரால் பிடித்துக்கொண்டு தடித்ததை வெளியே முழுக்க முடுக்குங்கள். கடைசியில் பாரம் வெளி நட்டின் மேல் விழுவதால் தடித்தது அங்கேதான் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், எஞ்சினும் ஷாஃப்ட்டும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கப்ளிங் பக்கவாட்டில் நெளியும், எந்த நட்டும் நிற்காது. உப்புக் காற்றுக்குப் பயந்து சாதா ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். அது 8.8 அளவு இறுக்கத்தைத் தாங்காது, மரையும் கடித்துக்கொள்ளும், கப்ளிங்குக்கு வேண்டாம்.