கை நின்றால் பாட்டு நிற்கும்!

இசையில் மயங்காத உள்ளம் உண்டோ? நம்மில் பலருக்கு யுகுலேலே வாசிக்க ஆசை. விரல் வைக்கும் இடங்களைச் சில நாட்களில் மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் பாடலுடன் சேர்ந்து வாசிக்கும்போது தடுமாறுகிறோம். காரணம், தாளம் இடக்கையில் இல்லை, வலக்கையில் இருக்கிறது.

1879ஆம் ஆண்டு, போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்த் தீவுகளுக்குச் சென்றவர்கள் தங்கள் சிறிய தந்திக் கருவியையும் கொண்டுசென்றனர். அதன் வழிவந்ததே நான்கு தந்திகள் கொண்ட யுகுலேலே. "துள்ளும் தெள்ளுப்பூச்சி" என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர்.

சென்ற கிறிஸ்துமஸ் விழாவில் சிறுமியர் பாட, நான் வாசித்தேன். இரண்டாம் அடியில் 'சி' கார்டிலிருந்து 'எஃப்' கார்டுக்கு விரல்களை மாற்றினேன். அந்த நொடியில் என் வலக்கையும் நின்றுவிட்டது. உடனே குழந்தைகளும் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தனர்! வெட்கத்தால் தலைகுனிந்தேன். தவறான சுரத்தை அவர்கள் பொறுத்திருப்பார்கள். நின்றுபோன தாளத்தில் எப்படிப் பாடுவார்கள்?

அதன்பின் நான் கற்ற பாடம் இதுதான். முதலில் கருவியைத் தொடாமல், "தக திமி தக ஜுணு" என்று எட்டு எழுத்துகளையும் ஒரே சீராகச் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒருமுறை நகர்வதற்குள் இரண்டு எழுத்து. 'த' என்றால் கை கீழே, 'க' என்றால் மேலே. இப்படியே கை ஊஞ்சல்போல் ஆடட்டும். கீழே வரும்போது ஆள்காட்டி விரலின் நகமும், மேலே போகும்போது அதன் சதைப்பகுதியும் தந்தியில் படவேண்டும். முழங்கையை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும்.

இது பழகியபின், இரண்டாம் எழுத்திலும் ஐந்தாம் எழுத்திலும் தந்தியைத் தொடாதீர்கள். ஆனால் கை ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். இப்போது கேட்பது: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். பல பாடல்களுக்குப் பொருந்தும் அழகிய நடை இது! மௌனமும் தாளத்தின் ஒரு பகுதியே.

எல்லாப் பாடலுக்கும் இந்த நடை பொருந்தாது. 'சைலன்ட் நைட்' பாடலுக்கு "தகிட தகிட" என்று ஆறு எண்ணவேண்டும். ஆறையும் கீழ்நோக்கியே மீட்டலாம். 'த' மட்டும் சற்று அழுத்தமாக ஒலிக்கட்டும். 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர் ஆலயத்தில் அப்பாடல் முதன்முதலாக ஒலித்தபோது, உதவிக் குரு ஜோசப் மோர் கிட்டார் மீட்டினார். இசையமைத்த ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர் உடன் பாடினார். பெரிய வாத்தியக்குழு எதுவும் தேவைப்படவில்லை.

தோழியரே, விரல் தவறினாலும் கையை நிறுத்தாதீர்கள். அடுத்த 'த'வில் சேர்ந்துகொள்ளலாம். துணைக்கு வாசிப்பவரின் கடமை தன் திறமையைக் காட்டுவதன்று. பாடுபவரைக் கைவிடாமல் கரைசேர்ப்பதே. இவ்வாண்டு கிறிஸ்துமஸில் அதே சிறுமியருக்கு மீண்டும் வாசிக்கப்போகிறேன். இம்முறை என் கை நிற்காது!

— பத்தாம் வகுப்பு மாணவி