வளைமுயல் பிடிக்க உதவும் நாய்: தேர்ந்தெடுப்பது எப்படி?

இங்கிலாந்தில் கோதுமையும் பார்லியும் பயிரிடும் குடியானவர்களுக்கு முயல் ஒரு பெரும் பயிர்ப்பகை. வேலியோரத்து வளைகளில் கூட்டமாகக் குடியிருக்கும் முயல்கள், அந்தி சாய்ந்ததும் வெளியே வந்து இளம் பயிரைத் தரையோடு தரையாக மேய்ந்துவிடும். குளிர்காலத்தில் புல் குறைந்தால் இளமரங்களின் பட்டையையும் உரித்துத் தின்னும். பத்து முயல்கள் சேர்ந்தால் ஒரு செம்மறியின் தீனியைத் தின்றுவிடும் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கணக்கு. இவற்றைப் பிடிக்க ஃபெரட் என்னும் சிறு பிராணியையும் நாயையும் சேர்த்துப் பயன்படுத்துவது அங்கே நெடுங்கால வழக்கம். ஃபெரட் கிடைப்பது எளிது. அதனுடன் சேர்ந்து உழைக்கும் நாய் கிடைப்பதுதான் அரிது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. நம் கொல்லைகளில் ஓடும் காட்டு முயல் வேறு, இங்கிலாந்தின் குழிமுயல் வேறு. நம் முயல் வளை தோண்டாது. புல்லிடையே பதுங்கிக் கிடக்கும். கூண்டுகளில் வளர்க்கப்படும் வெள்ளை முயலின் முன்னோர்தான் அந்தக் குழிமுயல்கள். ஆகவே இம்முறை நம் நாட்டுக்குப் பொருந்தாது. தவிர, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். ஆனால், வேலைக்கேற்ற நாயைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் காட்டும் கவனம், பட்டியைக் காக்கவோ தோட்டத்தைக் காக்கவோ நாய் வாங்கும் எவருக்கும் பயன்படக்கூடியது.

முயல் பிடிப்பது அந்நாட்டுச் சிறு குடியானவருக்கு எளிதில் கிடைத்த உரிமையல்ல. முன்பு பல இடங்களில் வேட்டை உரிமை நிலச்சொந்தக்காரர் கையில் இருந்தது. குத்தகைக்கு உழுதவர் தம் பயிரைத் தின்னும் முயலைக்கூடத் தொட முடியாது. 1880இல் வந்த சட்டந்தான் உழுபவருக்கு அந்த உரிமையை அளித்தது. எந்தக் குத்தகை ஒப்பந்தத்தாலும் அதைப் பறிக்க முடியாதபடியும் செய்தது. பின்னர் 1953இல் மிக்ஸோமாடோசிஸ் என்ற கொள்ளைநோய் பரவி, சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல்கள் மடிந்தன. தப்பியவை மீண்டும் பெருகின. 1954ஆம் ஆண்டுச் சட்டம் முயலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை நிலத்தை அனுபவிப்பவர் தலையிலேயே வைத்தது. உரிமையாக வந்தது கடமையாகவும் ஆயிற்று.

வேலை நடக்கும் விதம்

ஃபெரட், நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. கீரியைப் போல் நீண்ட மெல்லிய உடல். பெண் ஒரு கிலோவுக்கு உட்பட்டும், ஆண் ஒன்று முதல் இரண்டு கிலோ வரையிலும் இருக்கும். வளையின் வாய்கள் ஒவ்வொன்றின் மேலும் சுருக்குக் கயிறு கோத்த பை வலையை விரித்து, முளை அடித்து நிறுத்துவார்கள். பிறகு ஃபெரட்டை உள்ளே விடுவார்கள். அதன் வாடை பட்டதும் முயல் பதறி வெளியே பாயும். வலை சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் முதல் மார்ச் வரையே இதற்குப் பருவம். அப்போது வேலியோரப் புதர்கள் பட்டுப்போய் வளைவாய்கள் கண்ணுக்குத் தெரியும். வளைக்குள் குட்டிகளும் குறைவு.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் இதில் ஒரு சங்கடம் உண்டு. மேலே காலடி ஓசையோ குரைப்போ கேட்டால் முயல் வெளியே பாயாமல் உள்ளேயே ஒடுங்கிவிடும். ஃபெரட் அதை அங்கேயே கொன்று, தின்று, பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிடும். கழுத்துப் பட்டையில் பொருத்திய சிறு ஒலிபரப்பிக் கருவி அது இருக்கும் இடத்தைக் காட்டும் என்றாலும், மண்வெட்டி எடுத்துத் தோண்டித்தான் மீட்க வேண்டும். களிமண் நிலமானால் அரைநாள் வேலை போய்விடும். நாய் ஒருமுறை குரைத்தால் அதற்கு மனிதன் கொடுக்கும் கூலி இது.

மோப்பமே முதல் தகுதி

நாயின் வேலை முயலைத் துரத்துவதில் தொடங்குவதில்லை. எந்த வளையில் முயல் இருக்கிறது என்று காட்டுவதில் தொடங்குகிறது. நல்ல நாய் வளைவாயில் மூக்கை வைத்து, காற்றை இழுத்து, உடல் விறைத்து நிற்கும். சில நாய்கள் முன்காலைத் தூக்கிக் காட்டும். வெறும் வளையானால் நில்லாமல் அடுத்ததற்குப் போய்விடும். ஒரு வளைக்கூட்டத்தில் முப்பது நாற்பது வாய்கள் இருப்பதுண்டு. நாய் பொய்யாகக் காட்டினால் அத்தனைக்கும் வலை விரித்த உழைப்பு வீண். பொய் காட்டும் நாயைவிட மோப்பம் மந்தமான நாயே மேல் என்று சொல்லலாம். மந்தமானதை நம்பி யாரும் வலை விரிக்கமாட்டார்கள்.

அடுத்தது பொறுமை. ஃபெரட் உள்ளே போனபின் நாய் வலைகளுக்கு விலகி அசையாமல் நிற்க வேண்டும். வலைகளின் மேல் ஓடக்கூடாது. வளையைப் பிறாண்டக் கூடாது. வலை விடுபட்ட வாயிலிருந்து முயல் ஓடினால் மட்டுமே பாய வேண்டும். பிடித்த முயலை நசுக்காமல் உயிருடன் எசமானர் கைக்குக் கொண்டுவருவது மென்வாய் நாய். கடித்து விலா எலும்பை நொறுக்கினால் இறைச்சி கன்றிப்போய் விலைபோகாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வளைவாயில் தலைநீட்டும் ஃபெரட்டை முயல் என்று எண்ணி நாய் கவ்விவிடக் கூடாது என்பது. ஒருமுறை ஃபெரட்டைக் கொன்ற நாயை மறுபடி வலையருகே நம்பி நிறுத்துவது கடினம். ஆட்டுப் பழக்கமும் அவ்வாறே. முயல் இருக்கும் நிலமெல்லாம் செம்மறி மேயும் நிலம். ஆட்டைத் துரத்தும் நாயை, வேறு வழியில்லாதபோது பண்ணைக்காரர் சுட்டாலும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

எந்தக் கலப்பு?

இத்தனையும் ஒருங்கே அமைந்த தனிச் சாதி நாய் இல்லை. கிரேஹவுண்டு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் தோல் மெல்லியது, முட்கம்பியில் எளிதில் கிழியும். டெரியர் நாய்களுக்கு ஊக்கம் அதிகம்; பலவும் குரைக்கும், வளைக்குள் நுழையப் பார்க்கும். ஸ்பானியல் முட்புதரில் புகுந்து முயலைக் கிளப்புவதில் கெட்டி. ஓடும் முயலை எட்டிப் பிடிக்கும் வேகம் அதற்கில்லை. ஆகவே அவர்கள் நாடுவது ‘லர்ச்சர்’ எனப்படும் கலப்பு நாயை. ஓட்ட நாய் ஒன்றையும் உழைப்பு நாய் ஒன்றையும் இணை சேர்த்துப் பெறுவது இது.

வளைமுயல் வேலைக்கு மிகப் பொருத்தம் விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும் கலந்தது எனலாம். விப்பெட் வேகத்தையும் சட்டென்று திரும்பும் திறனையும் தரும். பெட்லிங்டன் மோப்பத்தையும், முள்ளையும் குளிரையும் தாங்கும் ரோமத்தையும் தரும். உயரம் 18 முதல் 22 அங்குலத்துக்குள் நிற்கும். வேலியோரத்தில் முயல் வளைக்குத் திரும்ப இருபது கெஜமே தூரம் என்னும்போது, நெட்டையான நாய் வேகம் எடுப்பதற்குள் முயல் மறைந்துவிடும். கோலி என்ற ஆட்டு நாயின் இரத்தம் கலந்தவை சொல்பேச்சுக் கேட்பதில் சிறந்தவை. ஆனால் கோலி இரத்தமுள்ள நாய்கள் சிலவற்றுக்கு, ஆடுமாடுகளுக்குத் தரும் ஐவர்மெக்டின் மருந்து பரம்பரைக் காரணத்தால் நஞ்சாகும். மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுக்கக் கூடாது.

கலப்பின விதை போட்டுப் பழகிய விவசாயிக்கு ஒரு விஷயம் உடனே விளங்கும். முதல் தலைமுறைக் கலப்பில் பிறந்த குட்டிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி அமையும். கலப்பையும் கலப்பையும் சேர்த்தால், வீரிய மக்காச்சோளத்தில் எடுத்த விதையை மறுபடி விதைத்த கதைதான்: ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று தாயைப்போல், ஒன்று பாட்டனைப்போல். இரண்டு பக்கமும் நன்றாக உழைக்கும் நாய்களானால் மட்டுமே அந்தத் துணிவு கொள்ளலாம்.

குட்டி வாங்கும்போது

எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அதன் மோப்பத்தை யாரும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது தாயை. அதுவும் கொட்டிலில் அல்ல, வளையோரத்தில், வேலையில். வேலை காட்டத் தயங்கும் விற்பனைக்காரரிடம் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் திரும்புவது நல்லது. மூலையில் ஒடுங்கும் குட்டியும், மற்றவற்றை ஓயாமல் கடித்து விரட்டும் குட்டியும் வேண்டாம். பெட்லிங்டன் வழியில் ஈரலில் செம்புச்சத்து தேங்கும் பரம்பரை நோய் உண்டு. பெற்றோருக்கு அதற்கான சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

வளர்ந்த நாயை வாங்குவோர், விற்பவர் அறியாத நிலத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாய் ‘இல்லை’ என்று விட்டுப்போன வளை ஒன்றிலும் வலை விரித்து ஃபெரட்டை விட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

குட்டி வந்த முதல் வாரத்திலிருந்தே ஃபெரட் கூண்டின் அருகே பழக்குவார்கள். இரண்டும் ஒரே தட்டில் பால் குடிக்கச் செய்வது பழைய முறை. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். விளையாட்டில் மூக்கில் ஒரு கடி வாங்கிய குட்டி பிறகு மரியாதையாக நடந்துகொள்ளும். உட்கார், நில், வா என்ற மூன்றையும், முயல்தோல் சுற்றிய பந்தை எடுத்துவருவதையும் பொறுமையாகப் பழக்கிவிட்டு, ஒரு வயது நிரம்பியபின்னரே வேலைக்கு விட வேண்டும். அதற்கு முன் ஓட விட்டால் எலும்பும் மூட்டும் கெடும். அவசரத்தில் குரைக்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், நிலத்துக்காரர் அனுமதியுடன் குழிமுயலை நாய்கொண்டு பிடிக்க இடம் தருகிறது. அங்குள்ள பெருமுயலைத் துரத்துவதோ குற்றம். ஆகவே ஓட்டத்தின் நடுவிலும் அழைத்தால் திரும்பும் பழக்கம் நாய்க்கு இருந்தாக வேண்டும்.

நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரட்டுக்குத் தொற்றினால் அநேகமாகப் பிழைக்காது. நாய்க்குத் தவறாமல் தடுப்பூசி போடுவது இரண்டையும் காக்கும். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் அவசியம். முயலைச் சுத்தம் செய்யும் இடத்தில் குடலை நாய்க்கு வீசக் கூடாது. குடல் சவ்வில் பட்டாணி அளவில் காணும் நீர்க்கட்டிகளுக்குள் நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கிறது. தின்ற நாயின் வயிற்றில் அது புழுவாகும், அதன் சாணத்தால் புல்லில் முட்டை சேரும், மேயும் முயலுக்கு மறுபடி கட்டி வரும். குடலை ஆழமாகப் புதைத்துவிட்டு, பருவம் முழுவதும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்துவர வேண்டும்.