புல்லட்டுக்கு வீட்டில் ஏன் தடை?

கல்லூரி நாட்களில் கையில் காசில்லை. இப்போது கணவர் நாற்பதை நெருங்குகிறார், தவணை கட்டும் அளவுக்குச் சம்பளம் வருகிறது, புல்லட் ஆசை திரும்ப வந்துவிட்டது. வீட்டில் சொன்னால் கிடைக்கும் பதில் ஊருக்கு ஊர் மாறுவதில்லை: “உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் பிள்ளைங்களும் என்ன பண்றது?” அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நடக்கும் வாக்குவாதத்தில் இரு பக்கமும் சில நம்பிக்கைகளை எடுத்து வீசுகிறார்கள். அவற்றில் அதிகம் தேறாதவை கணவர் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நம்பிக்கை: “நீ சும்மா பயப்படுறே. கார்ல போறவனும்தான் சாகுறான்.”

உண்மை: 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். நம் ஊரில் இரு சக்கர வண்டிகள்தானே அதிகம், சாவும் அதிகமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் பயணம் செய்த தூரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அமெரிக்கா அப்படிக் கணக்கெடுக்கிறது. அங்கே ஒரே தூரத்துக்கு, காரில் செல்பவரைவிட மோட்டார் சைக்கிளில் செல்பவர் இறக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல். அதே 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. ஆகவே மனைவியின் பயத்தை ‘சும்மா’ என்று தள்ளிவிட முடியாது.

நம்பிக்கை: “அப்படின்னா இருக்கிற ஸ்கூட்டரே போதும். புல்லட்தான் ஆபத்து.”

உண்மை: இங்கே மனைவி பக்கம் சறுக்குகிறது. மேலே சொன்ன 74,897 பேரில் ஸ்கூட்டரில் போனவர்களும் அடக்கம். பல ஸ்கூட்டர்களின் பின் சக்கரம் 10 அங்குலம்தான். பெரிய சக்கரம் ஏறிக் கடந்துவிடும் பள்ளத்தில் அது இறங்கித் தடுமாறும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019-இல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். எனவே சாதாரண ஸ்கூட்டரில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

பெரிய வண்டியின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 80-இல் போகும்போதும் மெதுவாகப் போவதுபோலவே தோன்றவைக்கும். 40-இல் போகும் வண்டி பிரேக் பிடித்த பிறகு 10 மீட்டரில் நிற்கிறது என்றால், 80-இல் போவது நிற்க 40 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. 2022-இல் சாலையில் இறந்தவர்களில் 71 விழுக்காட்டினரின் மரணத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

நம்பிக்கை: “வெயிட்டான வண்டி. ரோட்டைப் பிடிச்சிக்கிட்டு போகும்.”

உண்மை: நேர்ச்சாலையில், சீரான வேகத்தில் சரி. மணல் கிடக்கும் திருப்பத்தில் 195 கிலோ சாய ஆரம்பித்தால், காலை ஊன்றி நிறுத்த நினைப்பவரின் கால்தான் அடியில் மாட்டும்.

நம்பிக்கை: “இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?”

உண்மை: நம்மில் பெரும்பாலோருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அண்ணனோ, சித்தப்பாவோ, தெரு நண்பனோதான். அவர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: “முன் பிரேக்கைத் தொடாதே, கவுத்திடும்.” அந்தப் பாடம் இன்றும் பலருடைய வலது காலில் இருக்கிறது. நாய் குறுக்கே வந்தால் கால் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. பிரேக் பிடித்ததும் எடையின் பெரும்பகுதி முன்பக்கம் சாய்வதால், வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் உள்ளது. கவிழ்ப்பது அதை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம். படிப்படியாக அழுத்தினால் அது கவிழ்க்காது.

1981-இல் வெளியான ஹாரி ஹர்ட் ஆய்வு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களில் சுமார் 92 விழுக்காட்டினர் தாமாகவோ வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். அவர்களும் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை என்று அந்த ஆய்வு சொல்கிறது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போடச் சொல்கிறார்கள். எட்டில் தெரிவது மெதுவாகச் சமநிலையோடு ஓட்டும் திறன். அறுபதில் போகும்போது சட்டென்று நிறுத்தத் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இருபது வருட அனுபவம் என்பது பல நேரம் அதே தவறான பிரேக்கை இருபது வருடம் மிதித்ததுதான்.

நம்பிக்கை: “இதோ கடைத்தெருதானே, ஹெல்மெட் எதுக்கு?”

உண்மை: அதே ஹர்ட் ஆய்வில் பெரும்பாலான விபத்துகள் வீட்டிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில், குறுகிய தூரப் பயணங்களில் நடந்தவை. மோதுவதற்குச் சற்று முன் பாதி வண்டிகளின் வேகம் மணிக்குச் சுமார் 48 கி.மீ.க்கு மேல் இல்லை. ஹெல்மெட் உயிரிழப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. ஆனால் பெட்ரோல் டேங்க் மேலும் முழங்கையிலும் பயணம் செய்யும் ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்த்து, வாரை மாட்டாமல் விடுகிறோமே, அதற்கும் பொருந்தாது. மோதியதும் முதலில் பறப்பது அதுதான்.

2022-இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து கையில் குழந்தையைப் பிடித்திருப்பவர் வெறுந்தலை என்பது நம் தெருக்களில் தினமும் காணும் காட்சி. வேண்டாம் என்று சொன்னவரையே அந்த இடத்தில் உட்கார வைக்கிறோம். போதாததற்கு, அழகு கெடுகிறதென்று சாரி கார்டைக் கழற்றி வீசுபவர்கள் இருக்கிறார்கள். பின் சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் அந்த மறைப்பு, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம்.

நம்பிக்கை: “இன்சூரன்ஸ் இருக்குல்ல, பார்த்துக்கலாம்.”

உண்மை: வண்டி உரிமையாளர் தானே ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. சமாதானத்துக்காக வண்டியை மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டுக் கணவர் ஓட்டினால், அவர் உரிமையாளர் அல்ல. அந்தப் பணம் அவருடைய உயிருக்கு வராது. கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், பின்னால் உட்கார்ந்தவர் அதில் அடங்க மாட்டார் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷோரூமுக்குப் போகும் முன் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், அவரவர் தலைக்குப் போட்டுப் பார்த்து. காலி மைதானத்தில் சில காலைகள் முன் பிரேக்கைப் பழகுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தை இருவரும் சேர்ந்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அதற்குப் பிறகும் வீட்டில் வேண்டாம் என்றால், அந்தப் பதிலை மதியுங்கள்.